செட்டிநாட்டில் இருந்தபடியே வெப் டிசைன்: சி.எஸ்.எஸ். கற்க வருபவர்களுக்குப் படிப்படியான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வெப் டிசைன் படிக்க நினைப்பவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு, டி.டி.பி. கடையில் பேஜ்மேக்கரோடு மல்லுக்கட்டுபவர்கள் உண்டு, வீட்டில் பலகாரம் சுட்டு வெளியூருக்கு அனுப்புபவர்களும் உண்டு. மூவருக்கும் பாதை ஒன்றுதான். ஒரு சுமாரான லேப்டாப், நாளுக்கு இரண்டு மணி நேரம், நாலைந்து மாதம் போதும். சென்னைக்கோ பெங்களூருக்கோ போகத் தேவையில்லை. ஆனால் ஆங்கிலப் பாடங்கள் தொடாத ஒரு சிக்கல் நமக்கு இருக்கிறது: பக்கத்தில் தமிழ் எழுத்து ஏறியதும், பாடத்தில் அழகாக நின்ற பெட்டி உடையும். அதனால் முதல் நாளிலிருந்தே தமிழ்ப் பக்கம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எச்.டி.எம்.எல். என்பது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுதும் மொழி, சி.எஸ்.எஸ். என்பது அது எப்படித் தெரிய வேண்டும் என்று சொல்லும் மொழி. கட்டளைகளை இங்கே உச்சரிப்பாகத் தந்திருக்கிறேன். கோப்பில் எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்துதான்.

1. பணம் கட்டுவதற்கு முன்

பயிற்சி மையத்தில் சேருவது தப்பில்லை. கேள்வி கேட்காமல் சேருவதுதான் தப்பு. பாடத்திட்டத்தைக் காகிதத்தில் கேளுங்கள். அதில் ‘ஃப்ளெக்ஸ்பாக்ஸ்’, ‘கிரிட்’ (பக்கத்தின் பகுதிகளை அடுக்கும் இன்றைய சி.எஸ்.எஸ். முறைகள்) இரண்டும் இருக்க வேண்டும். பக்கத்தை டேபிள் போட்டு அடுக்குவது, ‘ஃப்ளோட்’ வைத்து ஒதுக்குவது, ட்ரீம்வீவர் மென்பொருளின் பட்டன்கள் என்று மட்டும் இருந்தால் அது பழைய பாடம். அடுத்து, அங்கே படித்தவர் செய்த தளம் ஒன்றின் முகவரியை வாங்கி உங்கள் போனில் திறந்து பாருங்கள். பக்கம் பக்கவாட்டில் நகர்ந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வரலாம்.

ஆதார் நகல், மதிப்பெண் பட்டியல் நகல், போட்டோ கேட்பார்கள், கொடுக்கலாம். அசல் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். பெரிய பொறி ‘மாதத் தவணை’. பல இடங்களில் அது மையத்துக்குக் கட்டும் தவணை அல்ல, ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் எடுக்கும் கடன். பாதியில் நின்றாலும் கடன் நிற்காது. கையெழுத்துப் போடும் தாளில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கட்டிய பணத்துக்கு ரசீது வாங்குங்கள். ‘வேலை உத்தரவாதம்’ என்று வாயால் சொல்வதற்கு மதிப்பில்லை.

பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் ‘கோபா’ என்னும் ஓராண்டுக் கணினிப் பிரிவு இருக்கிறது. அதில் வலைப்பக்கம் ஒரு பகுதிதான், ஆனால் சான்றிதழுக்கு மதிப்புண்டு. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார் நான்கையும் கோடை விடுமுறையிலேயே எடுத்து வையுங்கள். சேர்க்கை திறந்த பிறகு சாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்கு ஓடுபவர்கள்தான் இடத்தை விடுகிறார்கள்.

2. கருவிகள்

புது லேப்டாப் தேவையில்லை. 4 ஜி.பி. ராம் இருந்தால் ஓட்டலாம், 8 இருந்தால் நிம்மதி. பழையது வாங்கினால் எஸ்.எஸ்.டி. இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாதா ஹார்டு டிஸ்க் உள்ள இயந்திரம் திறக்கும் நேரத்தில் படிக்கும் ஆசையே போய்விடும். பள்ளியில் கிடைத்த அரசு லேப்டாப் வீட்டில் கிடந்தால், அதில் லினக்ஸ் மின்ட் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு செலவைப் பற்றி யோசியுங்கள்.

எழுதுவதற்கு ‘வி.எஸ். கோடு’ என்ற மென்பொருள். இலவசம். காசு கேட்கும் தளம் எதிலிருந்தும் இறக்காதீர்கள். அதில் இரண்டு நீட்சிகள் (கூடுதலாகச் சேர்க்கும் வசதிகள்) போதும்: கோப்பைச் சேமித்ததும் பக்கத்தைப் புதுப்பிக்கும் லைவ் சர்வர், வரிகளை ஒழுங்காக அடுக்கும் பிரெட்டியர். முதல் மாதத்தில் இருபது நீட்சி போடுபவர்கள் நீட்சியைத்தான் கற்கிறார்கள். உலாவி இரண்டு வேண்டும், ஃபயர்ஃபாக்ஸும் குரோமும். படிக்கும்போது ஃபயர்ஃபாக்ஸ், சரிபார்க்கும்போது குரோம். ஃபயர்ஃபாக்ஸ் ஏன் என்பது 5-ஆம் படியிலும், குரோமில் செய்யும் சோதனை 10-ஆம் படியிலும் வரும்.

தமிழ் அடிக்க விண்டோஸ் 11-இலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது. ‘மொழி’ அமைப்பில் தமிழைச் சேர்த்தால் வந்துவிடும்.

3. பாமினியில் வந்த கோப்பை யூனிகோடு ஆக்குதல்

நம் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகை, விலைப்பட்டியல், கோயில் அழைப்பிதழ் எல்லாம் டி.டி.பி. கடையில் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. கடைக்காரர் அந்தக் கோப்பைத் தருவார். அதை அப்படியே வலைப்பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் நடுநடுவே அரைப்புள்ளியுமாக நிற்கும், ஏனென்றால் பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி இருப்பது அரைப்புள்ளி விசையில். எழுத்துருவைத் தளத்தில் ஏற்றிச் சரிக்கட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். கூகுள் தேடலில் ஒரு சொல்லும் அகப்படாது, போனில் நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் மறுபடி குப்பைதான்.

எல்லாக் கருவிக்கும் புரியும் பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் அல்லது பொங்குதமிழ் மாற்றி, இரண்டும் இலவசம். எந்தக் குறியாக்கத்திலிருந்து மாற்றுகிறோம் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். மாற்றிய பிறகு கண்ணால் ஒரு முறை படித்தே ஆக வேண்டும். காலுக்குப் பதில் ‘ர’ அடித்திருப்பது, ‘ஔ’ வேண்டிய இடத்தில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக நிற்பது, இவை பார்வைக்குத் தெரியாது, தேடும்போதுதான் தெரியும். சந்தேகமான சொல்லை நீங்களே அடித்து, உலாவியின் தேடல் பெட்டியில் போட்டு, பக்கத்தில் அது சிக்குகிறதா என்று பாருங்கள்.

4. முதல் இரண்டு வாரம்: எச்.டி.எம்.எல். மட்டும்

வண்ணம், அழகு எதுவும் வேண்டாம். ஒரு பலகாரக் கடைக்குரிய பக்கத்தை வெறும் எச்.டி.எம்.எல்.லில் எழுதுங்கள்: கடைப் பெயர், நாலு வரி அறிமுகம், தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம் என்று பட்டியல், விலை, தொடர்பு. விலைப்பட்டியலுக்கு டேபிள் போடலாம், அதற்குத்தான் டேபிள். பக்கத்தின் கட்டமைப்புக்குப் போடக் கூடாது.

கோப்பின் தொடக்கத்தில் நான்கு விஷயங்கள் எப்போதும் இருக்க வேண்டும். முதல் வரியில் ‘டாக்டைப்’. அது இல்லாவிட்டால் உலாவி பழைய காலத்து விதிப்படி பக்கத்தை அமைக்கும், நீங்கள் படித்த கணக்கு சில இடங்களில் ஒத்துவராது. மொழி ‘டி.ஏ.’ என்று குறிப்பது. ‘யூ.டி.எஃப்-8’ குறியாக்கம். கடைசியாக ‘வியூபோர்ட்’ வரி. இதை விட்டால் போன் உங்கள் பக்கத்தை 980 பிக்சல் அகலம் என்று எடுத்துக்கொண்டு சுருக்கிக் காட்டும், எழுத்து எறும்பு மாதிரி தெரியும். ‘சி.எஸ்.எஸ். வேலை செய்யவில்லை’ என்று புலம்பும் புதியவர்கள் பலருக்கு விட்டுப்போயிருப்பது இந்த ஒரு வரிதான்.

கோப்புப் பெயரில் இடைவெளி வேண்டாம், பெரிய எழுத்து வேண்டாம். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று, இணைய சர்வருக்கு வேறு வேறு. உங்கள் லேப்டாப்பில் தெரிந்த படம் ஏற்றியதும் காணாமல் போனால், பெயரின் கடைசியில் இருக்கும் ‘ஜே.பி.ஜி.’ கேமரா வைத்தபடி பெரிய எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. சி.எஸ்.எஸ்.: எந்த வரிசையில், எங்கே தடுக்கும்

வரிசை இது: செலக்டர் (விதி எந்த உறுப்புக்கு என்று குறிப்பது), பெட்டிக் கணக்கு, அளவலகுகள், ஃப்ளெக்ஸ், கிரிட், மீடியா குவெரி (திரை அகலத்துக்கு ஏற்ப விதியை மாற்றுவது). அனிமேஷன் கடைசியில். பூட்ஸ்ட்ராப், டெயில்விண்ட் போன்ற தயார் தொகுப்புகளை மூன்றாம் மாதம் வரை தொட வேண்டாம். அடிப்படை தெரியாமல் அவற்றை எடுத்தால், ஒரு பட்டன் இரண்டு பிக்சல் விலகினாலும் ஏன் என்று சொல்லத் தெரியாது.

பெட்டிக் கணக்கு. அகலம் 100 சதவீதம் என்று கொடுத்து, இருபுறமும் 20 பிக்சல் ‘பேடிங்’ (உள் இடைவெளி), 1 பிக்சல் ‘பார்டர்’ (ஓரக் கோடு) வைக்கிறீர்கள். 360 பிக்சல் போனில் பெட்டியின் உண்மையான அகலம் 360 + 40 + 2 = 402. மிச்சமுள்ள 42 பிக்சல் திரைக்கு வெளியே போகும், பக்கம் பக்கவாட்டில் நகரும். கோப்பின் தொடக்கத்திலேயே எல்லா உறுப்புக்கும் ‘பாக்ஸ்-சைஸிங்: பார்டர்-பாக்ஸ்’ என்று எழுதிவிட்டால் பேடிங்கும் பார்டரும் அகலத்துக்குள் அடங்கும். இந்த வரி இல்லாத சி.எஸ்.எஸ். கோப்பை ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதீர்கள்.

பெட்டிக்கு வெளியே விடும் இடைவெளியான ‘மார்ஜின்’ கணக்கு வேறு. மேல் பத்திக்குக் கீழே 30, கீழ்ப் பத்திக்கு மேலே 20 கொடுத்தால் இடையில் 50 வராது, 30தான் வரும். பெரியது சிறியதை விழுங்கிவிடும். ஃப்ளெக்ஸ், கிரிட் இரண்டுக்குள்ளும் இந்த விழுங்கல் கிடையாது. அங்கே மார்ஜினை விட்டுவிட்டு ‘கேப்’ பயன்படுத்துங்கள்.

எழுதிய விதி ஏறவில்லை என்றால் இந்த வரிசையில் தேடுங்கள். ஒன்று, முந்தைய வரியின் முடிவில் அரைப்புள்ளி விட்டுப்போயிருக்கிறதா? விட்டுப்போயிருந்தால் அந்த வரியோடு அடுத்த வரியும் சேர்ந்து போகும். இரண்டு, உலாவி பழைய கோப்பைக் காட்டுகிறதா? கண்ட்ரோலோடு எஃப்5 அழுத்துங்கள். மூன்று, வேறொரு விதி இதை மிதிக்கிறதா? ஐ.டி.க்கு (ஒரே ஓர் உறுப்புக்கு இடும் பெயர்) வலு அதிகம், அடுத்தது கிளாஸ் (பல உறுப்புக்குப் பொதுவாக இடும் பெயர்), அப்புறம்தான் வெறும் டேக் (எச்.டி.எம்.எல். குறிச்சொல்). பத்து டேக் பெயரை அடுக்கினாலும் ஒரு கிளாஸை ஜெயிக்காது. இந்த இடத்தில் மற்ற விதிகளை முந்தும் ‘இம்பார்ட்டன்ட்’ போட்டு அடக்குவது எல்லாருக்கும் வரும் ஆசை. ஒன்றை அடக்க இன்னொன்று என்று கோப்பு முழுக்க அதுவே நிற்கும். விதிகளை கிளாஸில் மட்டும் எழுதப் பழகினால் இந்தச் சண்டையே வராது.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க எஃப்12. பக்கத்தின் எச்.டி.எம்.எல்.லையும் சி.எஸ்.எஸ்.ஸையும் காட்டும் ‘இன்ஸ்பெக்டர்’ திறக்கும். மிதிபட்ட விதி மேலே கோடு போட்டுக் காட்டப்படும். ஃபயர்ஃபாக்ஸ் ஒரு படி மேலே போய், பயனில்லாத வரியை மங்கலாக்கிப் பக்கத்தில் ஒரு சிறு குறி வைக்கும். அதன் மேல் சுட்டியை வைத்தால் காரணமும் சொல்லும், உதாரணமாக, இந்த உறுப்பு ஃப்ளெக்ஸாகவோ கிரிடாகவோ இல்லாததால் இந்த வரிக்கு வேலை இல்லை என்று. காசு கேட்காத வாத்தியார் அது. கிரிட் கோடுகளைப் பக்கத்தின் மேலேயே வரைந்து எண் போட்டும் காட்டும். படிக்கும் காலம் முழுக்க இன்ஸ்பெக்டர் திறந்தே இருக்கட்டும், எண்களை அங்கேயே மாற்றிப் பாருங்கள். ஒரே எச்சரிக்கை: அங்கே மாற்றியது கோப்பில் சேராது. பிடித்த எண்ணைக் கையால் கோப்புக்குக் கொண்டுவர வேண்டும்.

ஃப்ளெக்ஸுக்கு ஃப்ளெக்ஸ்பாக்ஸ் ஃப்ராகி என்ற விளையாட்டு, 24 கட்டம். கிரிடுக்கு கிரிட் கார்டன், 28 கட்டம். இரண்டும் இலவசம், ஒவ்வொன்றும் ஒரு மாலை. முடித்ததும் தெரிந்துவிட்டது போல இருக்கும், மறுநாள் வெற்றுக் கோப்பில் கை ஓடாது. அது இயல்பு. அதற்குத்தான் அடுத்த பயிற்சி.

*ஆத்தங்குடிப் பூக்கல் பதித்த தரை ஒன்றை வரையுங்கள்.* படம் எதுவும் ஏற்றாமல் சி.எஸ்.எஸ்.ஸால் மட்டும். ஒரு கல்லை 120 பிக்சல் சதுரமாக எடுத்துக்கொள்ளுங்கள். ‘ரேடியல்-கிரேடியன்ட்’ (ஒரு புள்ளியிலிருந்து வட்டமாகப் பரவும் வண்ணம்) நான்கு எழுதி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மூலையில் கால் வட்டமாக வையுங்கள். ‘பேக்கிரவுண்ட்-சைஸ்’ 120க்கு 120 கொடுத்தால் கல் திரும்பத் திரும்ப வரும், நாலு கல் சேரும் இடத்தில் கால் வட்டங்கள் கூடி முழு வட்டமாகும். நிஜக் கல்லில் பூ விரிவதும் இப்படித்தான். இங்கே மூன்று தடுக்கல் உண்டு. வண்ணம் 30 பிக்சலில் முடிந்து அதே 30-இல் ஒளிபுகு நிலை தொடங்கினால் வட்டத்தின் விளிம்பு பல்பல்லாகத் தெரியும். இரண்டாவதை 31 ஆக்கினால் வழவழப்பாகும். பின்னணிகளை அடுக்கும்போது முதலில் எழுதியது மேலே நிற்கும், அதனால் கல்லின் நடுவில் பூ வைத்தால் அதை முதலில் எழுதுங்கள். கல்லின் அளவைச் சதவீதத்தில் கொடுத்தால் பின்னப் பிக்சல் வந்து கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மயிரிழைக் கோடு தெரியும். முழு எண் பிக்சல் கொடுங்கள், அல்லது ‘பேக்கிரவுண்ட்-ரிபீட்: ரவுண்ட்’ போடுங்கள், முழுக் கற்கள் மட்டும் பொருந்தும்படி உலாவியே அளவைத் திருத்திக்கொள்ளும்.

பிறகு அதே தரையைக் கிரிடில் செய்யுங்கள், சுற்றிலும் பார்டர் கல், நடுவில் பூக்கல், நாலு மூலைக்கும் தனிக் கல். மூலைக் கல்லை ஒரு முறை வரைந்து, மற்ற மூன்றையும் 90, 180, 270 டிகிரி திருப்பினால் போதும். இதை முடித்தவருக்குக் கிரிடில் கோட்டு எண், ‘ஸ்பான்’, ‘ரிபீட்’ மூன்றும் கைக்கு வந்துவிடும்.

6. தமிழ் எழுத்துக்கென்று செய்ய வேண்டியவை

எழுத்துருவில் ஆரம்பிப்போம். கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், கேட்டமரான் ஆகியவை பல தடிமனில் கிடைக்கும். மீரா இனிமை, பவனம் இரண்டும் ஒரே தடிமன்தான். ஒரே தடிமன் உள்ள எழுத்துருவுக்கு ‘போல்டு’ கொடுத்தால் உலாவி தானாக மை பூசித் தடிமனாக்கும், ‘ணை’, ‘ஞ’ போன்றவற்றின் சுழி அடைபட்டுப்போகும். சாய்வெழுத்தும் அப்படியே. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வு வடிவம் இல்லை, உலாவி நேர் எழுத்தைப் பிடித்துச் சாய்த்துவிடும். ‘ஃபான்ட்-சிந்தசிஸ்: நன்’ போட்டு இரண்டையும் நிறுத்தலாம். சாதா, தடிமன் என்று இரண்டு கோப்புக்கு மேல் ஏற்ற வேண்டாம், கோப்பு வடிவம் ‘வோஃப்2’ ஆக இருக்கட்டும். ₹ குறியும் எண்களும் அந்த எழுத்துருவில் இருக்கின்றனவா என்று விலைப்பட்டியலிலேயே சோதியுங்கள். டி.டி.பி. கடைக் கணினியிலிருந்து எடுத்த எழுத்துருவைத் தளத்தில் ஏற்றாதீர்கள். உரிமம் யாருடையது என்று தெரியாது.

அளவு: ஆங்கிலப் பாடம் 16 பிக்சல் என்று சொல்லும். தமிழுக்கு 17 அல்லது 18 வையுங்கள். வரி உயரம் 1.2 என்றால் மேல்வரியின் ‘கு’, ‘நூ’ கீழ்வரியின் ‘கி’யோடு இடிக்கும். பத்திக்கு 1.7, தலைப்புக்கு 1.4 அளவில் தொடங்குங்கள். எழுத்திடைவெளியைக் குறைக்கும் ‘லெட்டர்-ஸ்பேசிங்’ தந்திரம் தமிழுக்கு வேண்டாம்.

இனி உண்மையான வில்லன், நீளச் சொல். பலகாரப் பட்டியலைப் போனில் இரண்டு பத்தியாக, அதாவது பக்கத்தில் பக்கமாக இரண்டு நெடுவரிசையாகக் காட்ட வேண்டும். கிரிடின் ‘ரிபீட்’டுக்குள் ‘ஆட்டோ-ஃபிட்’ (இடம் உள்ளவரை பத்திகளைச் சேர்ப்பது), குறைந்தபட்சம் 160 பிக்சல், இடைவெளி 16 என்று எழுதுகிறீர்கள். 360 பிக்சல் திரையில் இருபுறமும் 16 போக மிச்சம் 328. உங்களுக்குத் தேவை 160 + 16 + 160 = 336. எட்டுப் பிக்சல் குறைவதால் இரண்டு பத்தி ஒரு பத்தியாகிவிடும். குறைந்தபட்சத்தை 150 ஆக்குங்கள், ஆளுக்கு 156 கிடைக்கும்.

அந்த 156-க்குள் ‘கருப்பட்டிப்பணியாரம்’ 20 பிக்சல் எழுத்தில் அடங்காது, பெட்டியைத் தாண்டி அடுத்த பெட்டி மேல் ஏறும். முதல் வைத்தியம், பெயரை ‘கருப்பட்டிப் பணியாரம்’ என்று இடைவெளி விட்டு எழுதுவது. எல்லாச் சொல்லையும் அப்படிப் பிரிக்க முடியாது, ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று அழைப்பிதழில் வந்தே தீரும். அதற்கு ‘ஓவர்ஃப்ளோ-ராப்: எனிவேர்’. இடமில்லாதபோது மட்டும் சொல்லை உடைக்கும், உயிர்மெய்யைப் பிரிக்காது. ‘வேர்டு-பிரேக்: பிரேக்-ஆல்’ என்று சிலர் சொல்லித் தருவார்கள். அது இடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரி முடியும் இடத்தில் சொல்லை வெட்டும், படிக்க முடியாது.

பத்தியை ‘1எஃப்.ஆர். 1எஃப்.ஆர்.’ (இருக்கும் இடத்தில் ஆளுக்கு ஒரு பங்கு) என்று எழுதியிருந்தால் விளைவு வேறு. அங்கே சொல் பெட்டியைத் தாண்டாது, பத்தியே சொல்லுக்கு ஏற்ப அகலமாகிப் பக்கத்துப் பத்தியை நெருக்கும். ஏனென்றால் 1எஃப்.ஆர். என்பதன் குறைந்தபட்ச அளவு உள்ளே இருக்கும் நீளமான சொல்லின் அகலம். ‘மின்மேக்ஸ்’ போட்டுக் குறைந்தபட்சம் 0, அதிகபட்சம் 1எஃப்.ஆர். என்று எழுதினால் இரண்டும் சமமாக நிற்கும். ஃப்ளெக்ஸிலும் இதே குணம் உண்டு, அங்கே உள் உறுப்புக்கு ‘மின்-வித்: 0’. ஆங்கிலச் சொற்கள் குட்டையாக இருப்பதால் அந்தப் பாடங்களில் இது பெரிதாக வெளியே வருவதில்லை. தமிழில் முதல் வாரத்திலேயே வந்து நிற்கும்.

7. புத்தகங்கள்: எதை, எப்போது, எவ்வளவுக்கு

தமிழில் தொடங்க து. நித்யாவின் ‘எளிய தமிழில் சி.எஸ்.எஸ்.’ இலவச மின்னூல். அடிப்படை நோக்கத்தைத் தாய்மொழியில் பிடிக்க உதவும்.

ஜான் டக்கெட்டின் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். புத்தகம் கண்ணுக்கு அழகு, எல்லாரும் பரிந்துரைப்பார்கள். ஆனால் அது 2011-இல் வந்தது. டேக், வண்ணம், எழுத்து பற்றிய அத்தியாயங்களைப் படியுங்கள், பக்க அமைப்பு அத்தியாயத்தை விட்டுவிடுங்கள். கீத் கிராண்டின் ‘சி.எஸ்.எஸ். இன் டெப்த்’ இரண்டாம் பதிப்பு மூன்றாம் மாதத்துக்கு ஏற்றது, ஏன் என்ற கேள்விக்கு அதில் பதில் உண்டு. எரிக் மேயரும் எஸ்டெல் வெய்லும் எழுதிய ‘டெஃபினிட்டிவ் கைடு’ 2023-இல் ஐந்தாம் பதிப்பு கண்டது, ஆயிரம் பக்கத்துக்கு மேல். அதை அட்டையிலிருந்து அட்டை வரை படிக்க உட்கார்ந்தால் ஆள் காலி. சந்தேகம் வரும்போது புரட்டுவதற்கு வையுங்கள்.

பழைய புத்தகக் கடையில் இவை தவிர வேறு ஏதாவது கிடைத்தால் பின்பக்கச் சொல்லடைவில் ‘கிரிட்’ இருக்கிறதா என்று பாருங்கள். கிரிட் முக்கிய உலாவிகளுக்கு வந்தது 2017 மார்ச்சில். அதற்கு முந்தைய அச்சு என்றால் பேரம் பேசக்கூட வேண்டாம். இறக்குமதிப் பதிப்பின் விலை ஆயிரங்களில் போகும், இந்திய மறுபதிப்பு வந்திருந்தால் மலிவு, உள்ளே கறுப்பு வெள்ளையாக இருக்கலாம். வாங்குவதற்கு முன் புரட்டிப் பார்க்க மதுரை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒரு சனிக்கிழமையை ஒதுக்குங்கள்.

எந்தப் புத்தகத்தைவிடவும் தினம் திறக்கப்போவது எம்.டி.என். என்ற இணையக் கையேட்டைத்தான். ஆங்கிலம்தான், ஆனால் எளிய ஆங்கிலம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எந்த உலாவி எந்தப் பதிப்பிலிருந்து ஆதரிக்கிறது என்ற அட்டவணை இருக்கும். ஏ.ஐ.யிடம் கேட்கலாம், விளக்கம் கேளுங்கள். முழுக் கோப்பையும் எழுதச் சொல்லி வாங்கினால், வாடிக்கையாளர் ‘தம்பி, இந்த மஞ்சளை மட்டும் கொஞ்சம் தள்ளி வைங்க’ என்று சொல்லும் நாளில் எங்கே கை வைப்பது என்று தெரியாது.

8. படங்கள்

மூன்றாம் மாதம் பழைய வீடு ஒன்றின் தங்கும் விடுதிக்கு முகப்புப் பக்கம் செய்து பாருங்கள். கானாடுகாத்தான், ஆத்தங்குடி பக்கம் படம் எடுக்கப் போனால் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், பக்கத்தில் போடலாம் என்ற சம்மதத்தை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள். கூகுளில் கிடைத்த படத்தைப் போட்டால் ஒருநாள் உரியவர் வருவார்.

போன் படம் 4000 பிக்சல் அகலம், பல எம்.பி. இருக்கும். ஸ்கூஷ் என்ற இலவசத் தளத்தில் அகலத்தை 1600 ஆக்கி, ‘வெப்பி’ வடிவில் 200 கே.பி.க்குள் கொண்டுவாருங்கள். படத்தின் அகலம், உயரம் இரண்டையும் எச்.டி.எம்.எல்.லில் எழுதுங்கள், இல்லாவிட்டால் படம் வந்து சேரும்போது எழுத்து கீழே குதிக்கும். விலைப்பட்டியலைப் படமாகச் செய்து ஒட்டுவது வேண்டவே வேண்டாம்.

9. வலையேற்றம், முகவரி, செலவு

பயிற்சிப் பக்கங்களுக்கு கிட்ஹப் பேஜஸ். மின்னஞ்சல் இருந்தால் போதும், காசு கிடையாது, ஏற்றிச் சில நிமிடங்களில் தெரியும். ஆனால் வியாபாரத் தளத்தை அங்கே நடத்த அவர்கள் விதி இடம் தராது. கடைக்கான தளத்தை கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் போன்ற வேறு இலவச இடத்தில் வையுங்கள்.

தளத்தின் இணைய முகவரிக்கு (டொமைன்) ‘டாட் இன்’ ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் வரை ஆகும், ‘டாட் காம்’ கொஞ்சம் கூட. முதலாண்டுச் சலுகை விலையைப் பார்த்து மயங்காதீர்கள், புதுப்பிப்பு விலையைப் பாருங்கள், அதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரும். ‘டாட் இன்’ வாங்கும்போது அடையாளச் சரிபார்ப்பு கேட்கலாம், ஆதாரில் உள்ள பெயரும் பதிவில் தரும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். முகவரியை இணைத்த பிறகு எல்லா இடத்திலும் தெரிய ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் ஆகும். திறப்பு விழாவுக்கு முந்தைய இரவு இணைக்காதீர்கள். தமிழில் ‘.இந்தியா’ முகவரியும் உண்டு, ஆசைக்கு வாங்கலாம், ஆனால் சில செயலிகளில் அது புரியாத எழுத்துக்கோவையாகத் தெரியும். பார்சலில் அச்சிட ‘டாட் இன்’ நல்லது.

பலகாரத் தளம் என்றால் தீபாவளி ஆர்டருக்கு ஆவணியிலேயே ஏறியிருக்க வேண்டும். கூகுள் கண்டெடுக்க வாரங்கள் ஆகலாம்.

10. கைமாற்றுவதற்கு முன் சோதனை

360 பிக்சல் அகலத்தில் பக்கவாட்டில் நகர்கிறதா? குரோமில் இணைய வேகத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தீர்களா? 200 சதவீதம் பெரிதாக்கினால் எழுத்து வெட்டுப்படுகிறதா? எழுத்துக்கும் பின்னணிக்கும் வண்ண வேறுபாடு 4.5-க்கு 1 இருக்கிறதா, இன்ஸ்பெக்டரே கணக்குச் சொல்லும். மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து நம் ஊரில் நிறையப் பேர் கேட்பார்கள், மறுத்துவிடுங்கள், மத்தியான வெயிலில் போனில் ஒன்றும் தெரியாது. டேப் விசையை மட்டும் அழுத்திப் பக்கம் முழுக்கப் போக முடிகிறதா? எங்கே நிற்கிறோம் என்று காட்டும் கோட்டை மறைக்கும் ‘அவுட்லைன்: நன்’ எழுதியிருந்தால் எடுங்கள். பிழை காட்டும் டபிள்யூ3சி வேலிடேட்டர் தளத்தில் ஒரு முறை ஓட்டிப் பிழைகளைத் தீருங்கள்.

காசு வாங்கிச் செய்யும் முதல் தளத்துக்கு எத்தனை பக்கம், எத்தனை திருத்தம், எந்தத் தேதி, எவ்வளவு தொகை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், பாதி முன்பணம். முகவரியைக் கடைக்காரர் பெயரிலும் அவர் மின்னஞ்சலிலுமே பதியுங்கள். உங்கள் பெயரில் பதிந்துவிட்டு நீங்கள் வெளியூர் போனால், புதுப்பிப்பு நினைவூட்டல் உங்களுக்கு வரும், தளத்தை இழப்பது அவராக இருக்கும். கெடு முடிந்தபின் சில வாரம் சலுகைக் காலம் இருக்கும், அதையும் தாண்டினால் மீட்புக் கட்டணம் புதுப்பிப்புக் கட்டணத்தைவிடப் பல மடங்கு. நுழைவுச் சொற்கள், புதுப்பிப்புத் தேதி, கோப்புகளின் நகல் மூன்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு, பில்லோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.